யூக்ளினாவின் குலதெய்வம்

நம்மிடையே வகைபிரிப்பான் என்றொரு உயிரினம் உண்டு. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நீங்கள் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் சொந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் என்ன மொழி, கறி சாப்பிடுவீர்களா என்றெல்லாம் விசாரித்து, கடைசியில் "குலதெய்வம் கும்பிட எங்க போவீக?" என்று கேட்பாரே, அவரேதான். நேராகவே சாதியைக் கேட்டுவிட்டால் என்னவாம்? கேட்க மாட்டார். நாகரிகம்!

கோச்சடை சந்தானம் இந்த இனத்தின் முற்றிய வடிவம். ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். வைகையில் தேங்கிய தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்து, ஒரு செல் உயிரிகளைச் சொந்தக்காரர்கள் மாதிரி பெயர் சொல்லி அழைப்பார். பாடம் நடத்திய காலத்தில் அமீபா, பரமீசியம் வரை மாணவர்களுக்கும் சிக்கல் இருந்ததில்லை. யூக்ளினா வந்தால்தான் தவிப்பார்கள். பச்சையம் இருக்கிறதே, செடியா? நீந்துகிறதே, பிராணியா?

"ஏய்யா அதைப் போட்டு இழுக்கிறீக? அது ரெண்டுலயும் சேராது. அதுக்குன்னு புரோட்டிஸ்டான்னு தனி உலகமே இருக்கு. அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்பார் சந்தானம். என்ன பெருந்தன்மை!

போன மாதம் அவருடைய மகள் மதுவந்தி, தான் கட்டிக்கொள்ளப்போகும் ஜெயந்தை வீட்டுக்கு அழைத்து வந்தாள். காபி வந்தது. கூடவே விசாரணையும் வந்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"வாடிப்பட்டி சார்."

"அதுக்கு முன்ன?"

"பொறந்ததே அங்கதான் சார்."

"குலதெய்வம்?"

"அப்பா சாமியே கும்பிட மாட்டாரு. அம்மா கோயில், சர்ச், தர்கா எல்லாத்துக்கும் போவாங்க."

சந்தானத்துக்கு வியர்த்துவிட்டது. பெயரை வைத்துப் பார்த்தார், பேச்சை வைத்துப் பார்த்தார், பையன் டம்ளரைத் தூக்கிக் குடிக்கிறானா, வாய் வைத்துக் குடிக்கிறானா என்று குனிந்தும் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. ஜெயந்த் கிளம்பியதும் மகளிடமே முறையிட்டார்.

"என்ன ஏதுன்னு தெரியாம எப்படிம்மா பொண்ணு குடுக்கிறது?"

"யூக்ளினாகிட்ட குலதெய்வம் கேட்டீங்களாப்பா?" என்றாள் மதுவந்தி. "தை மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். நீங்க வந்தா எனக்கு அம்புட்டு சந்தோஷம். வராட்டியும் நடக்கும்."

ஒரே மகள். மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இறங்கி வந்தார்.

"சரி, வாரேன். ஆனா மாப்பிள்ளை என்ன ஆளுகன்னு சொந்தக்காரங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"புரோட்டிஸ்டான்னு சொல்லுங்க."

சந்தானத்தைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஜெயந்த் உள்ளே நுழைந்ததிலிருந்து, இந்தப் பையன் யாராக இருப்பான் என்று நீங்களும் ஓரக்கண்ணால் தேடிக்கொண்டுதானே வந்தீர்கள்? சரி, அவனை விடுங்கள். சந்தானம் என்ன ஆளுக என்று நான் சொல்லவே இல்லை. பெயரைப் படித்தவுடனே முடிவு செய்துவிட்டீர்களே, அது எப்படி?