கைக்கு ஒத்துவராத பிடி

"இது பிடியா, எலிப்பொறியா?" என்று கேட்டுக்கொண்டே டுவேன் ஆஸ்டர்ஹவுஸ் வீங்கிய நடுவிரலைக் கெனியின் கடை மேஜைமேல் நீட்டினார்.

தூண்டில், தோட்டா, பனி வாரும் மண்வெட்டி எல்லாம் விற்கும் கடை அது. கெனி விரலைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த ரப்பர் துப்பாக்கிப் பிடியையும் பார்த்தான்.

"சுடும்போது விரலைக் கொஞ்சம் இறக்கிப் பிடிக்கணும், டுவேன்."

"என் விரலுக்கு நீ பாடம் எடுக்கிறியா? ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு வந்து முட்டியில இடிக்குது. இதைச் செஞ்சவனுக்குக் கையே கிடையாது போல!"

வம்பு போன வருஷமே ஆரம்பித்துவிட்டது. இலையுதிர்காலத்தில் துப்பாக்கி கிளப்பில் கறிப் போட்டி நடக்கும். பறக்கவிடும் களிமண் தட்டுகளை உடைக்க வேண்டும். ஜெயித்தவருக்குப் பன்றித் தொடையோ, உப்பிட்ட பன்றிக்கறியான பேக்கனோ வெள்ளைத் தாளில் சுற்றிக் கிடைக்கும். பக்கத்துப் பண்ணை வெர்ல் கைகொள்ளாமல் அள்ளிக்கொண்டு போனார். டுவேனுக்கு ஒரு எலும்புகூடக் கிடைக்கவில்லை.

"என் பம்ப் துப்பாக்கியில பிடி சரியில்லடா. அடுத்த வருஷம் பிடியை மாத்திட்டு வரேன், அப்பப் பாருங்க!" என்று டுவேன் அன்று கிளப்பே கேட்கும்படி கத்திவிட்டார். கேண்டீன் நடத்தும் டார்லா உட்பட எல்லாரும் கேட்டார்கள். இந்த வருஷமும் வெறுங்கையோடு திரும்பினால் அந்த ஊரில் அவர் தலைகாட்ட முடியாது.

கெனி வேறொரு பிடி கொடுத்தான். அது விரலை இடிக்கவில்லை. ஆனால் அதைப் பிடித்தால், துப்பாக்கியின் மேல்பக்கம் இருக்கும், தள்ளினால்தான் சுட முடிகிற பாதுகாப்புப் பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டவில்லை. வியாழக்கிழமைப் பயிற்சியில் டுவேன் "விடு!" என்று கத்தினார். தட்டு பறந்தது. கட்டைவிரல் பொத்தானைத் தேடிக்கொண்டே இருந்தது.

"டுவேன், அந்தத் தட்டு இந்நேரம் கனடா எல்லையைத் தாண்டியிருக்கும்" என்றார் வெர்ல். 

டுவேனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் பிடியைக் கழற்றி வீசினார்.

"அதை ஏன் கழட்டுறே? நல்லா கைக்கு அடக்கமா இருந்துச்சே" என்றாள் மனைவி மார்லிஸ்.

"நீ எப்ப கையில எடுத்தே?"

"தூசி தட்டுறப்ப."

"தூசி தட்டுறதும் சுடுறதும் ஒண்ணா? பேசாம இரு."

 அவள் அவருடைய சாப்பாட்டுத் தட்டில் இன்னும் இரண்டு துண்டு பேக்கன் வைத்தாள். அந்த வருஷம் வீட்டில் பேக்கனுக்குப் பஞ்சமே இல்லை. ஆத்திரத்தில் நன்றாகச் சாப்பிடுகிறவர் டுவேன்.

மூன்றாவது பிடி, தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டையோடு சேர்ந்தது, கெனியின் கடையிலேயே உசத்தி. பட்டனை அழுத்தி இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும். ஞாயிற்றுக்கிழமை டுவேன் தன் நீளமான கைக்குத் தோதாக அதை வைத்துப் பார்த்தார். அச்சு வார்த்தது போல இருந்தது. திங்களிலிருந்து புதன் வரை அவருக்குக் காகித ஆலையில் மாலை ஷிப்ட். வியாழக்கிழமை துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்து ஒரு வெடி போட்டார். அவருடைய கட்டைவிரலே வந்து அவர் மூக்கில் குத்தியது.

பிடி சுருங்கியிருந்தது.

டார்லா ஐஸ் கட்டியை மூக்கில் வைத்துவிட்டாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு ஐஸையே இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

மறுநாள் டுவேன் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"உங்க பிடி தானாவே சுருங்குது!"

"அப்படிச் சுருங்க வாய்ப்பே இல்லைங்க. பட்டனை யாராவது அழுத்தினாத்தான்…"

"என் வீட்டுல பேயா இருக்கு பட்டனை அழுத்த? நானும் மார்லிஸும்தான் இருக்கோம்!"

ஆத்திரம் தீராமல் பிடியை நீட்டி, அதன்மேல் சாம்பல் நிற டேப்பைத் தாறுமாறாகச் சுற்றினார். அடுத்த வியாழக்கிழமை பிடி மறுபடியும் சுருங்கிக் கிடந்தது. டேப் அப்படியே இருந்தது, அவர் சுற்றியதைவிட ஒழுங்காக. அன்றிலிருந்து டேப் கம்பெனிக்கும் திட்டு விழுந்தது. நேர்மையாகப் பொருள் செய்கிறவன் ஒருவன்கூட இந்த நாட்டில் மிச்சமில்லை என்று ஷிப்டில் எல்லாரிடமும் சொன்னார்.

போட்டிக்கு முந்தின நாள் கடைசி வழியில் இறங்கினார். படகு ஒட்டும் பசையைக் குழைத்து, பிடியைத் தன் நீளத்துக்கு இழுத்து ஊற்றி ஒட்டிவிட்டார்.

"இனிமே இது சுருங்கட்டும் பார்க்கலாம்!"

சர்ச்சில் பெண்கள் கூடி மெத்தைவிரிப்பு தைக்கும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப்போகும் பையை மார்லிஸ் அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒட்டிட்டியா? மொத்தமாவா?"

"மொத்தமா!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், டுவேன்" என்றவளின் முகம் வாடிவிட்டது. தன் கஷ்டம் இவளை இவ்வளவு பாதித்திருக்கிறதே என்று டுவேன் நெகிழ்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் ஊரே கூடியிருந்தது. பிடி சுருங்கவில்லை. விரலை இடிக்கவில்லை. பொத்தானும் எட்டியது. டுவேன் "விடு!" என்றார். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. அடுத்ததும் முழுசாக விழுந்தது. அதற்கடுத்ததும்.

"இந்த வருஷம் பிடிக்கு என்ன கேடு, டுவேன்?" என்றார் வெர்ல்.

டுவேனுக்குக் காது மடல்வரை சிவந்தது. தோட்டாவை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கறி அடுக்கியிருந்த மேஜைமேல் பொத்தென்று வைத்தார்.

"இது பிடியே இல்லை, மோசடி! நானும் மாத்தி மாத்திப் பார்த்துட்டேன். ஒண்ணுகூட மனுஷன் சுடுறதுக்குச் செஞ்சதில்லை. இந்தத் துப்பாக்கியில, இதுல எந்தப் பிடியை வெச்சாவது, எவனாவது ஒரு தட்டை உடைச்சுக் காட்டட்டும்! நான் இந்தக் கிளப்பை விட்டே போயிடறேன்!"

 வெர்ல் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தார். கெனி கூரையைப் பார்த்தான். மார்லிஸ் காருக்குப் போகும் வழியைப் பார்த்தாள்.

டார்லாதான் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தாள். 

"அதைத்தானே டுவேன், செவ்வாய்க்கிழமை தவறாம நடக்கிற பொம்பளைங்க போட்டியில மார்லிஸ் செஞ்சு காட்டிட்டு இருக்கா, நீ தினம் காலையில திங்கிற பேக்கன் வேற எங்கேருந்து வருதுன்னு நெனச்சே?"