வழுக்கை மருந்து ஆராய்ச்சியாளர்

மருந்து ஒப்பிடுபவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெற்றி மெல்ல உச்சிக்குக் குடியேறத் தொடங்கியதும் மற்றவர்கள் கவலைப்படுவார்கள், டாக்டரிடம் போவார்கள், இல்லாவிட்டால் திருமலைக்குப் போய் மிச்சத்தையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இறங்கி வருவார்கள். இவர் ஒப்பிடுவார்.

நகரி ஊர்க்காரர் கோவர்த்தனன் அந்த இனம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன புதிதிலேயே முடி கொட்டத் தொடங்கியது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மினாக்ஸிடில் தடவினால் என்ன, ஃபினாஸ்டரைடு விழுங்கினால் என்ன, நிறுத்தினால் எது முதலில் கைவிடும் என்று படித்துப் படித்து, சித்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கெல்லாம் பலமனேரில் ஆரம்பித்து பங்காருபாளையம் தாண்டும்வரை விளக்குவார். முடி அதுவரை காத்திருக்குமா?

புத்தூருக்குப் பெண் பார்க்கப் போனார். பெண் தரணி. அவள் அப்பா தணிகாசலத்துக்குத் தலை முழு வழுக்கை. இவருக்கு அது போதாதா? காபி ஆறியது. லோஷன் என்றால் இரண்டு வேளை தடவ வேண்டும், முதலில் இன்னும் கொஞ்சம் கொட்டும். மாத்திரை என்றால் ஒரு வேளைதான், ஆனால் டாக்டர் சீட்டு வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். தணிகாசலம் நகர்ந்து கிட்டே வந்தார்.

“அந்த மாத்திரைல கெடுதல் ஏதாச்சும் கீதா, தம்பி?”

கோவர்த்தனன் தடுமாறினார். பொய் சொன்னால் ஒப்பீடு கெடும். உண்மை சொன்னால் சம்பந்தம் கெடும். தரையைப் பார்த்துக்கொண்டு, சிலபேருக்கு மட்டும், அபூர்வமாக, இல்லற ஆசை கொஞ்சம் குறையலாம் என்றார். பெண்ணின் அம்மா தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தணிகாசலம், மாப்பிள்ளை எவ்வளவு காலமாக அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று விசாரித்தார். எதையும் போடவில்லை, வேலைக்குப் போன நாளிலிருந்து இன்னும் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார் இவர்.

கதவோரம் நின்ற தரணி வாய் திறந்தாள்.

“முடி போனா போவுது. இத்தினி வருசமா ஒண்ணும் முடிவு பண்ணாம கீறீங்களே, அதான் பயமா கீது. என் விசயத்துலயாச்சும் முடிவு பண்ணிட்டீங்களா?”

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பெண்ணைக் கோவர்த்தனன் பார்த்திருக்கவில்லை.

“பண்ணிட்டேன்,” என்றார்.

வைகாசியில் கல்யாணம். மறுவாரமே தரணி அவரைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பரிசோதித்து, ஒரு மருந்தை எழுதிக் கொடுத்தார். இருந்த முடி பெரும்பாலும் தங்கியது. போனது போனதுதான். ஆசைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தரணியின் முகம் சொன்னது.

எந்த மருந்து என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு பெண் துணிந்து கேட்டாள், ஒரு மனிதர் முதல்முறையாக முடிவெடுத்தார், கல்யாணமே நடந்தது. உங்களுக்கு வேண்டியது மருந்தின் பெயர். நெற்றிக்கு மேலே தடவிக்கொண்டிருக்கிற அந்தக் கையை முதலில் இறக்குங்கள், ஐயா.