பதினேழாம் இலக்கம் இங்கே இல்லை

வீடு மாறுகிறவர்களுக்கு வரிப்பணம் கடைசியாகத்தான் ஞாபகம் வரும். பால் காய்ச்ச நல்ல நாள் பார்ப்போம், வைஃபைக்காரருக்குத் திரும்பத் திரும்ப அழைப்பெடுப்போம், திரைச்சீலையின் நிறத்துக்காக மனைவியோடு கோபித்துக்கொண்டு திரிவோம். மாநகர சபை என்று ஒன்று இருப்பதை மட்டும் மறந்துவிடுவோம். (நாங்கள் மறந்தால் அதுவும் எங்களை மறந்துவிடும் என்றொரு நம்பிக்கை.)

கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு லேனுக்குள் சின்ன வீடொன்றை வாங்கியதற்கு ஒரே காரணம் மகள் ஆரணி. அவள் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். என் மனைவி வதனி ஆசைப்பட்ட பாடசாலை அந்த லேனிலிருந்து நடக்கிற தூரம். பக்கத்தில் வசிக்கிறோம் என்று காட்டினால் இடம் கிடைக்கும்.

வீட்டின் இலக்கம் பதினேழு. எண்சோதிடத்தில் புலியான வதனியின் தாய்மாமா படலையடியிலேயே நின்றுவிட்டார்.

"ஒண்டும் ஏழும் எட்டு. சனியின்ர எண்! தம்பி, உள்ளுக்குப் போகாதேங்கோ."

"மாமா, காசு குடுத்திட்டம்."

"அப்ப பின்னால ஒரு ஏ போடுங்கோ. ஏக்கு ஒண்டு. எட்டும் ஒண்டும் ஒன்பது. ராசயோகம்!"

நான் கணினிப் பொறியியலாளன், எண்களோடு பிழைக்கிறவன். சிரித்திருக்க வேண்டியவன் நேரே போய் 17ஏ என்று பித்தளையில் எழுத்து வெட்டிக்கொண்டு வந்து மதிலில் பூட்டினேன். மாமா இன்னொரு நிபந்தனையும் வைத்தார்: வெறும் பதினேழை இந்த வீட்டில் எவரும் வாயால் சொல்லக் கூடாது, எவராவது கேட்டாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. சரி என்றேன்.

ஒருநாள் நடு வெயிலில் தோள்பையோடு ஒருவர் படலையைத் தட்டினார். "தாஹத கோ, மாத்தயா?" பதினேழு எங்கே என்று கேட்கிறார்! பழைய சொந்தக்காரரின் பெயரையும் சொன்னார். அந்த மனிதர் எவருக்கோ கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவின் நிபந்தனையும் சேர, என்னிடமிருந்த சிங்களம் முழுவதையும் திரட்டிச் சொன்னேன்: "ஏ கெதர மெஹே நே." அந்த வீடு இங்கே இல்லை.

அவர் இடப்பக்கம் பதினைந்தைப் பார்த்தார். வலப்பக்கம் பத்தொன்பதைப் பார்த்தார். நடுவில் நின்ற என்னைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாகிவிட்டது. குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, லேனின் முடிவு வரை கூடப் போய்த் தேடியும் கொடுத்தேன். (என் வீட்டை, நானே!) எதிர்ப்பக்கக் கடையில் அஸீஸ் நானா பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகும் ஒருமுறை அந்தத் தோள்பைக்காரர் வந்தார், அதே பதிலோடு போனார்.

அதற்கடுத்த தடவை லொறியோடு வந்தார். கூடவே மாநகர சபையின் பெரிய அதிகாரி ஒருவரும். பதினேழாம் இலக்கத்துக்கு வரி கட்டி வெகுகாலமாம், வீட்டுச் சாமான்களை ஏற்றப் போகிறார்களாம். இடுப்பில் சாரத்தோடு, வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்த நான் பித்தளை எழுத்தைக் காட்டினேன்.

"இது பதினேழு இல்லை, ஐயா! பதினேழு ஏ!"

பெரிய அதிகாரி நிதானமாகத் தமிழிலேயே சொன்னார். "எங்கட புத்தகத்தில பதினேழு ஏ எண்டு வீடே இல்ல. அப்பிடியெண்டா இது பெர்மிஷன் இல்லாமக் கட்டினது. உடைக்கிறதுக்கு வேற லொறி வரும்."

அதற்குள் இரண்டு பேர் எங்கள் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் பற்பசையைத் துப்பிவிட்டு, பெரிய தெருவான காலி வீதி வரை கேட்கும்படி கத்தினேன்: "பதினேழு! நான்தான் பதினேழு! மகே கெதர தாஹத!" உள்ளே மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சிவ சிவா" என்றார். லேன் முழுவதும் படலைகளில் நின்றது. சிலருடைய கையில் ஃபோன் இருந்தது.

அன்றே கட்டிவிடுகிறேன் என்று சொன்ன பிறகு ஃபிரிட்ஜ் உள்ளே திரும்பியது. நான் அன்றே மாநகர சபைக்குப் போய், வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டிப் பெயரை மாற்றி, பாக்கி முழுவதையும் கட்டினேன். இத்தோடு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

பாடசாலை நேர்முகத்தில் எங்களை விசாரித்த மேடம் வரி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பதானே உங்கட பேருக்கு மாறியிருக்கு? பள்ளிக்கூடத்துக்காக அட்ரஸ் மட்டும் எடுக்கிற ஆக்கள் கனபேர். வீட்டுக்கு வந்து பாத்திட்டுத்தான் சொல்லுவம்."

குடிவந்த கையோடு பெயரை மாற்றியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் வதனி சொன்னாள். "சனி இலக்கத்தில இல்லை. ஆளிலதான்."

சொல்லாமல் கொள்ளாமல் மேடமும் இன்னொரு ஆசிரியையும் வந்தார்கள். நான் ஏயைக் கழற்றியிருந்தேன். ஆனால் அது இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. மேடத்தின் கண் நேரே அங்குதான் போனது.

"இலக்கமும் புதுசா மாத்தினதோ?"

மேடம் விறுவிறுவென்று எதிர்க் கடைக்குப் போய், "உண்மையா இவை இஞ்சதான் இருக்கினமோ?" என்று அஸீஸ் நானாவைக் கேட்டார். ஆரணியின் பாடசாலை அத்தோடு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

"இவரா?" நானாவின் முகம் மலர்ந்தது. "இவரத் தெரியாத ஆளு இந்த லேன்ல இல்ல மேடம்! வரிக்கார ஐயா வந்து வீட்டக் கேட்டா, அந்த வீடு இங்க இல்லண்டு சொல்லி, தண்ணியும் குடுத்து, அவரோட சேந்து தன்ட வீட்டையே தேடின மனிசன்! லொறி வந்த நாளு சாரத்தோட நிண்டு நான்தான் பதினேழுண்டு கத்தின. வீடியோ இரிக்கி. பாக்கிறீங்களா?"

பார்த்தார்கள். பற்பசை துப்புகிற இடத்தை மேடம் மறுபடியும் போடச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து ஆசிரியையிடம் சொன்னார்: "எழுதுங்கோ, இருக்கினம். இஞ்ச இல்லாத மனிசனுக்கு இவ்வளவு அவமானம் நடக்காது."

ஆரணிக்கு இடம் கிடைத்தது! அவள் வெள்ளைச் சீருடையில் கைவீசி நடந்துபோன அந்தக் காலையில் எனக்கு இருந்த பெருமை, வீடு வாங்கிய அன்றுகூட இருக்கவில்லை. மாமாவோ ஓட்டைகளைத் தடவிப் பார்த்து, "ஏ போனாலும் பலன் போகேல்லை" என்றார்.

இப்போது ஒவ்வொரு தை மாதமும் முதல் ஆளாகப் போய் வருட வரி முழுவதையும் கட்டிவிடுகிறேன். ஆனாலும் அந்தத் தோள்பைக்காரர் எங்கள் லேனுக்கு வந்தால் சும்மா போவதில்லை. படலைக்கு வெளியே நின்று, "தாஹத கோ?" என்று குரல் கொடுப்பார். ஆரணி புத்தகத்தை எறிந்துவிட்டு ஓடுவாள், வதனி அகப்பையோடு வருவாள். மூன்று பேருமாகக் கத்துவோம், அஸீஸ் நானாவும் கடையிலிருந்து சேர்ந்துகொள்வார்: "மெஹே தமய்!" இங்கேதான்!