சந்தனம் பட்ட ஃபைபர்

எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் செய்கிறவர்களை, பட்டியலில் இல்லாத ஒன்றுதான் கவிழ்க்கும். என்னைக் கவிழ்த்தது சந்தனம்.

பூதலூர்ப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலை. நான் தனியாகச் செய்த முதல் வேலை. இயந்திரங்களிலிருந்து நெட்வொர்க் சுவிட்ச் வரை செப்புக் கேபிள். அங்கிருந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அலுவலகத்துக்கு, தூரம் அதிகம் என்பதால், ஃபைபர். அதன் முனையில் இருப்பவை முடி அளவு கண்ணாடி இழைகள் இரண்டு. தூசி, கைரேகை எதுவும் படக்கூடாது. (இதை ஆலையில் நெல் அவிப்பவர் வரை எல்லோருக்கும் வகுப்பெடுத்திருந்தேன்.)

திறப்பு நாளன்று பூஜை. மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அப்பா சாப்பாட்டு இடைவேளையில் வீடியோ காலில் வந்தார். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் போனவர். நான் வேலை செய்வதை அவர் பார்த்ததே இல்லை. இணைப்பு வந்ததும் எரியும் பச்சை விளக்கை அவருக்குக் காட்ட வேண்டும். எனக்கு அன்று வேண்டியது அவ்வளவுதான்.

முதலாளியின் மனைவி சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.

"உங்க பெட்டிக்கு நீங்களே பொட்டு வைங்கம்மா."

சுவிட்சுக்கு வைத்தேன். இடக்கையில் அப்பா, வலக்கையில் ஃபைபர். மூடியைக் கழற்றினேன், செருகினேன். விளக்கு எரியவில்லை.

இரண்டு இழைகளையும் இடம் மாற்றினேன். சுவிட்சை அணைத்துப் போட்டேன். நடுநடுவே அப்பாவின் முகம் தெரிகிறதா என்று திரையையும் தொட்டுக்கொண்டேன். ராகு காலம் வந்துவிடும் என்று முதலாளி முணுமுணுத்தார். அப்பாவின் பக்கம் இடைவேளை முடிந்த மணி கேட்டது.

"மணி அடிச்சிட்டான் பாப்பா. பதறாம பாரு. எரிஞ்சதும் சொல்லு."

அழைப்பு முடிந்து, திரையில் நான் வைத்திருக்கும் அவர் படம் வந்தது. நெற்றியில் சந்தனம். துடைத்தேன், இன்னும் பெரிதானது. அப்புறம்தான் என் விரலைப் பார்த்தேன்.

இழையின் முனையைச் சுத்தம் செய்து செருகியதும் விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

இப்போது அப்பா, "சாப்பிட்டியா" என்று கேட்பதில்லை. "கை கழுவிட்டியா பாப்பா" என்றுதான் ஆரம்பிக்கிறார். பேச்சின் நடுவே படம் அசையாமல் நின்றால், யாரோ சந்தனம் வைத்துவிட்டதாக அம்மா சொல்வார். அடுத்த லீவில் ஆலைக்குப் போய் விளக்கைப் பார்த்துவிடலாம் என்கிறார் அப்பா. லீவு தள்ளிக்கொண்டே போகிறது.

அந்த வழியாகப் போனால் வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, அவரைக் கூப்பிடுவேன்.