மனுவுக்கு ஒரு பானை

குன்னூர் மலைச்சரிவில் ஓர் அலுவலகம் இருந்தது. சீசன் கடைகளுக்கு அனுமதி வழங்குவது அதன் திருப்பணி. மக்கள் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று அங்கே புகார்கள் குவிந்தன. உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு ஒன்பது மாதம் ஆராய்ந்து, குறை காத்திருப்பில் இல்லை, காத்திருப்பவர்களிடம்தான் இருக்கிறது என்று கண்டறிந்தது. அவர்களுக்குப் பொறுமை போதவில்லையாம்.

ஆகவே கூடத்திலிருந்த பெஞ்சுகள் அகற்றப்பட்டு, அந்த இடத்தில் பன்னிரண்டு குயவர் சக்கரங்கள் நிறுவப்பட்டன.

கூடலூர் ஜெனிஸுக்கு இந்தச் சங்கதி தெரியாது. வெள்ளிக்கிழமை தொடங்கும் பழக் கண்காட்சியின் வாசலில், டீயோடு கடிக்கும் மொறுமொறு வர்க்கிக்கு ஒரு கடை போட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. அடுப்பு கட்டியாகிவிட்டது. மாவு வந்து இறங்கிவிட்டது. முத்திரை விழுவதுதான் பாக்கி. திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறி வந்து, மனு வாங்கும் ஜன்னலில் மனுவை நீட்டினான்.

"பானை எங்கே?" என்று கேட்டார் கண்காணிப்பாளர் தினகரன்.

"நமக்கு வர்க்கிக் கடைங்க சார். பானைக் கடை இல்லீங்க."

"மனுதாரர் பொறுமை எய்திவிட்டார் என்பதற்கு அத்தாட்சியாக, தம் கையால் வனைந்த, கோணாத பானை ஒன்றை மனுவுடன் இணைக்க வேண்டும். விதி ஏழு."

"சந்தையில ஒண்ணு வாங்கிட்டு வந்துடட்டுங்களா?"

"அது குயவரோட பொறுமை. உங்களுடையது எங்கே?"

கூடத்தில் பயிற்சியாளர் சுஜித் நின்றிருந்தார். கழுத்தில் மரமணி மாலை. பேசினால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும் குரல்.

"மண்ணைப் பிடிக்காதீங்க. மண்ணோட இருங்க."

"பிடிக்காம எப்படிங்க பானை வரும்?"

"பார்த்தீங்களா, அவசரப்படறீங்க."

ஜெனிஸ் அவசரப்படாமல் மண்ணோடு இருந்தான். மண்தான் அவனோடு இருக்கவில்லை. சக்கரத்திலிருந்து பறந்து போய், 'உங்கள் நேரம் எங்களுக்குப் பொன்னானது' என்ற பலகையில் அப்பிக்கொண்டது.

பக்கத்துச் சக்கரத்தில் ஜெகதளாவிலிருந்து வந்திருந்த ஆயம்மாள், முட்டை போல வழவழப்பான ஒரு பானையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். கேரட் கடைக்காக அவர் மனுப் போட்டு இது மூன்றாவது வருஷம்.

"ஏனுங்கக்கா, இவ்வளவு அழகா வருதே! இன்னுமா உங்களைக் கூப்பிடல?"

"போன வருஷமே கூப்புட்டாங்க கண்ணு. அப்பப் பாத்து மூடி செஞ்சுட்டு இருந்தேன். பாதியில உட்டுட்டுப் போக மனசு வருமா?"

இப்படியும் ஒரு ஆள் உண்டா என்று ஜெனிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை பானை கவிழ்ந்தது. புதன்கிழமை கோணியது. அதற்குள் சேதி பரவி, சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் வேனாகச் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மனு ஏதும் இல்லை. ஆளுக்கொரு வெற்றுப் படிவம் கொடுத்துக் காக்க வைத்தார்கள். வெயில் கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள், "அரை மணி நேரத்திலேயே என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று புகார்ப் புத்தகத்தில் எழுதினார். இத்தகைய தவறு இனி நிகழாது என்று அலுவலகம் எழுத்து மூலம் உறுதி கூறியது.

வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு அது நடந்தது. வெளியே பனிமூட்டம். ஜெனிஸின் உள்ளங்கைகளுக்குள் மண், சுற்றுவதே தெரியாமல் சுற்றியது. கழுத்து எழுந்தது. வாய் விரிந்தது. அடுப்பு, மாவு, வெள்ளிக்கிழமை எல்லாம் அவனுக்கு மறந்து போயின.

"கூடலூர் ஜெனிஸ்!" என்று தினகரன் முத்திரையும் கையுமாகக் கூப்பிட்டார். "ஜெனிஸ்!"

"ஷ்ஷ்!" என்றார் வெயில் கண்ணாடி அம்மாள்.

"இதோங்க சார், வாய் மட்டும் சரி பண்ணிட்டு..."

மூன்றாம் முறையும் கூப்பிட்டார். மணி ஐந்து அடித்தது. மனு ஜன்னலின் கதவு சாத்தப்பட்டது. அந்தச் சத்தத்தில்தான் ஜெனிஸுக்குச் சுயநினைவு வந்தது. ஈரப் பானையோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

தினகரன் பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொஞ்சமும் கோணல் இல்லை. மனம் நெகிழ்ந்து, மனுவின் மேல் எழுதினார்: 'மனுதாரர் முழுப் பொறுமை எய்திவிட்டது ஐயமற நிரூபணமாகிறது. எனவே அவருக்கு அவசரம் ஏதுமில்லை எனக் கருதி, மனு அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்.'

"நாளைக்குக் கண்காட்சிங்க சார்! மாவு வீணாப் போயிடுங்க!"

"இப்படிப் பதறினா எப்படி? அப்போ இந்தப் பானை பொய்யா?"

ஜெனிஸ் பானையைப் பார்த்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் நிமிர்ந்து நின்றது. அதைப் பொய் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"நெசந்தானுங்க" என்றான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அவன் திரும்பி வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று தினகரன் கதவைத் தாழிட்டுக்கொண்டார். ஜெனிஸ் அந்தப் பக்கமே போகவில்லை.

"அக்கா, மூடி எப்படிங்க பண்றது?" என்று ஆயம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அந்த வருஷப் பழக் கண்காட்சிக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. வாசலில் ஒரு கடைகூட இல்லை. ஒரு டீ, ஒரு வர்க்கி கிடைக்காமல் பிள்ளைகுட்டிகளோடு அலைந்தவர்கள், மத்தியானம் ஆத்திரத்தோடு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள்.

"இங்க யார்ங்க புகார் வாங்கறது?" என்று ஒருவர் கத்தினார்.

தினகரன் ஜன்னலைத் திறந்து, "பானை எங்கே?" என்று கேட்டார்.

கூட்டம் கொதித்துப்போய் ஒரே குரலில் இரைந்தது. சக்கரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஜெனிஸ், "ஷ்ஷ்!" என்றான்.