பாதாள மூலிகைத் தண்ணீர்

ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கும் மேமலைத் தோட்டத்தில் இரண்டு வாரமாகக் கூட்டமான கூட்டம். பண்டாரவளையிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். டிக்டொக்கில் பார்த்துவிட்டுக் கொழும்பிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்தது. எல்லாம் மூலிகைச் சாமியைப் பார்க்கத்தான்.

சாமி ஒரு பானை நிறைய ஊதா நிறத் தண்ணீர் வைத்திருந்தார். மொனராகலைக் காட்டில், மனிதன் கால் படாத இடத்தில் பறித்த பாதாள மூலிகையின் சாறாம். மனிதன் கால் படாத இடத்தில் சாமி எப்படிப் பறித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்தி வந்துவிட்டால் கேள்வி கேட்பது பாவமாகிவிடுகிறது.

முறை இதுதான். சின்ன வெள்ளைக் கிண்ணத்தில் அந்தத் தண்ணீரை ஊற்றுவார். ஆட்காட்டி விரலை முக்க வேண்டும். நிறம் மாறாவிட்டால் வெறும் கண்ணூறு. பச்சையானால் செய்வினை செய்த கை. முன்கூட்டியே காணிக்கை வைத்தவர்களுக்கு மட்டும் ஒரு துண்டு தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, கொடுத்து, கையில் பிழிந்துகொண்டு முக்கச் சொல்வார். அவர்களுக்குத் தண்ணீர் ரோசாப்பூ நிறத்தில் மாறும். பரிசுத்தமான கை! காணிக்கை வைத்தவர்கள் எல்லோருமே பரிசுத்தமானவர்களாக இருந்தது சாமியின் மகிமை.

கொழுந்து பறிக்கும் ரெங்கம்மா இதையெல்லாம் கண்டுகொள்ளாமல்தான் இருந்தாள். ஆனால் பக்கத்து லயத்து வீட்டுப் பெரியாயி விடவில்லை. பெரியாயியின் மகன் ரமேசுக்கும் ரெங்கம்மாவின் மகள் யசோதினிக்கும் அடுத்த மாதம் கல்யாணம். அதற்குள் ரமேஸ் ஆட்டோவைப் பள்ளத்தில் கவிழ்த்துக் காலை உடைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் வயிற்றில் சோற்றைவிடக் கசிப்புச் சாராயம் அதிகம் இருந்தது என்பது தோட்டத்துக்கே தெரியும். தாய்க்கு மட்டும் அது செய்வினை.

"சந்தேகம் வேணாம் சம்மந்தி, நீங்களும் வந்து கைய வச்சிருங்க," என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பெரியாயி தேசிக்காய் வாங்கிப் பரிசுத்தமானாள். ரெங்கம்மா காணிக்கை வைக்காமல் விரலை முக்கினாள். பச்சை!

அன்றோடு கல்யாணம் நின்றது. "மருமகனாகப் போறவன் கால ஒடிச்ச பாவி," என்று பெரியாயி குழாயடியில் நின்று கத்தினாள். மலையில் யசோதினிக்குப் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து பறிக்க ஒருத்தியும் வரவில்லை. அவள் கொண்டுவந்த தண்ணீரைக்கூடத் தொட மாட்டோம் என்றார்கள். மகள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். செய்யாத குற்றத்துக்குத் தோசம் நீக்கும் கழிப்புச் செய்தாவது பெயரைக் காப்பாற்றுவோம் என்று, சாமி எழுதிக் கொடுத்த பட்டியலோடு ரெங்கம்மா பதுளைக்குப் பஸ் ஏறினாள்.

வாஹித்தின் மரக்கறிக் கடையில் பூசணிக்காய் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வாடை வந்தது. சாமியின் பானையில் வந்த அதே வாடை. குனிந்து பார்த்தாள். ஊதா நிறக் கோவா, அதாவது முட்டைக்கோஸ், இரண்டாக வெட்டி வைத்திருந்தது.

"இத யாரு திங்கிறது, வாஹித் நானா?"

"எல்ல டவுன் பக்கத்து ஓட்டல்காரங்கதாங்கக்கா. வெள்ளைக்காரங்களுக்கு சலட் போட. இப்ப ஒரு சாமியாரும் கெழமைக்கு நாலு தூக்கிட்டுப் போறாரு. பெரிய சலட்காரரு போல!"

ரெங்கம்மா வெட்டின பக்கத்தை விரலால் தொட்டாள். அப்போதுதான் வெற்றிலை போட்டிருந்தாள், விரலில் சுண்ணாம்பு. தொட்ட இடம் பச்சையாகிவிட்டது. பச்சை வந்த கைகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. எல்லாம் கொழுந்து பறிக்கிற பெண்கள். பசிக்கு வெற்றிலை, அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு என்று விரலில் எப்போதும் வெள்ளை ஒட்டிக்கொண்டிருப்பவர்கள்.

"பூசணிக்கா வேணாம் நானா. இந்தக் கோவாவுல ஒன்னு குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. "கழிப்புக்குக் காணிக்கை கொண்டாந்திருக்கேன் சாமி," என்று ரெங்கம்மா சொன்னதும் சாமியின் முகம் மலர்ந்தது. தேசிக்காயை எடுத்தார்.

"அது அப்பறம் சாமி. மொதல்ல ரெண்டு கிண்ணத்துல ஊத்துங்க."

எல்லோரும் பார்க்க இரண்டு கைகளையும் கழுவித் துடைத்தாள். இடது விரலில் மட்டும் சுண்ணாம்பைத் தடவினாள். இரண்டு விரல்களையும் இரண்டு கிண்ணங்களில் விட்டாள். வலது பக்கம் ஊதா ஊதாவாகவே இருந்தது. இடது பக்கம் பச்சை.

"வலது கை நல்லவ, இடது கை சூனியக்காரியா சாமி?"

"செஞ்சது இடது கைதான்!" என்றார் சாமி, கண் இமைக்காமல். கூட்டமும் "ஆமாங்க, அப்படித்தான் இருக்கும்," என்று தலையாட்டியது. தலை இருப்பது ஆட்டத்தானே.

ரெங்கம்மா பெரியாயியின் கையைப் பிடித்தாள். "சம்மந்தி, நீங்க பரிசுத்தம்னு சாமியே சொல்லிருக்கு. பயப்படாதீங்க." அவள் விரலில் சுண்ணாம்பு தடவி இன்னொரு கிண்ணத்தில் முக்கினாள். பச்சை.

"ஐயோ! எம் புள்ளைக்கு நானா செஞ்சேன்?" என்று பெரியாயி அலறினாள்.

ரெங்கம்மா பையிலிருந்த கோவாவை எடுத்தாள். இலையைப் பிய்த்து, தண்ணீரில் கசக்கினாள். ஊதா. சுண்ணாம்பு விட்டாள், பச்சை. சாமியின் தேசிக்காயையே எடுத்துப் பிழிந்தாள், ரோசா நிறம்.

"பாதாள மூலிகைய பதுளைக் கடையில விக்கிறாங்க. கறி ஆக்கலாம், நல்லா இருக்கும்."

பெரியாயிதான் முதலில் எழுந்தாள். சாமியின் கையை வெடுக்கென்று பிடித்து, சுண்ணாம்பை அப்பி, பானைக்குள்ளேயே முக்கினாள். பானை பச்சையானது. சாமி செருப்பைக்கூட மாட்டாமல் கொழுந்து மலைக்குள் ஓடினார். கைதட்டலும் விசிலும் பறந்தன; கூட்டத்துக்கு இரண்டாவது வேடிக்கையும் இலவசம்.

பெரியாயி ரெங்கம்மாவிடம் தலை குனிந்து நின்றாள். "தப்பா பேசிட்டேன் சம்மந்தி. கல்யாணத்த..."

"என்னையக் கேக்காதீங்க. அவளக் கேளுங்க."

தாயோடு வந்து கூட்டத்தில் நின்ற யசோதினி முன்னால் வந்தாள். "மொதல்ல ஒங்க மகன், குடிச்சிட்டு ஓட்டினேன்னு நாலு பேரு முன்னாடி சொல்லட்டும் அத்தே. அதுக்கப்பறம் யோசிக்கிறேன்."

அவ்வளவில் முடிந்தது என்று ரெங்கம்மா பையைத் தூக்கினாள். கூட்டத்திலிருந்து ஒருவர் இடித்துக்கொண்டு வந்து, பயபக்தியோடு விரலை நீட்டினார்.

"சாமியவே ஓட வச்சிட்டீங்களே, ஒங்க கையிலதான் பெரிய சக்தி இருக்கு. எம் மவளுக்கு என்ன தோசம்னு பாத்துச் சொல்லுங்கக்கா."

அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் வரிசை கட்டிவிட்டார்கள். ரெங்கம்மா அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தாள்.

"வெரல நீட்டுறதுக்கு முன்னாடி மூளைய ஒருக்கா நீட்டியிருந்தீங்கன்னா, ஒங்கள ஏமாத்துறதுக்கு ஒரு கோவா போதும்னு எவனுக்கும் தோணியிருக்காது."