மகளின் ஆட்டத்துக்கு நான் அனுப்பிய அறிவித்தல்

சிட்னியில் எங்கள் சனம் நேரத்துக்கு வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். செத்தவீடு. கல்யாணத்துக்குத் தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டு வரிசை நீண்ட பிறகுதான் வருவார்கள். அரங்கேற்றத்துக்குப் பிரதம விருந்தினரே இடைவேளையோடுதான் வந்து சேருவார். ஆனால் செத்தவீடு என்றால், மண்டபத்தைத் திறக்கிறவர் வருவதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது.

இது மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊர்ச் சங்கத்தின் மரண அறிவித்தல்களைப் பல வருடங்களாக எழுதி அனுப்பியவன் நான்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். நாலு பேருக்கு முன்னால் எழுந்து நின்று நன்றி சொல்லக்கூட வாய் வராது. ஊரில் ஓ.எல். சோதனை வரைக்கும் படித்தேன். (முடிவைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) சிட்னிக்கு வந்து பேக்கரி ஒன்றில் மாவு பிசைகிறேன். மாவு கேள்வி கேட்காது என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். சங்கத் தலைவர் பொன்னுத்துரை அண்ணை ஒருநாள் நான் போனில் தமிழ் எழுதுவதைக் கண்டுவிட்டார். "நீ கதைக்கத் தேவையில்லை தம்பி, எழுதினாக் காணும்" என்று இந்தப் பொறுப்பைத் தந்தார். ஒரு மரணத்தை யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஊருக்கே சொல்லிவிடுகிற வேலை. எனக்கென்றே செய்தது போல இருந்தது.

போனில் ஒரு படச் சட்டம் தயாராக வைத்திருந்தேன். நடுவில் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே எழுத்து. பெயரையும் படத்தையும் மாற்றி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். அந்தக் குழுவில் அண்ணையும் நானும் மட்டும்தான் செய்தி போடலாம். மற்றவர்களை விட்டால் காலை வணக்கமும் நீரிழிவுக்குக் கை மருந்தும் வந்து குவியும் என்று அண்ணை பூட்டி வைத்திருந்தார்.

இனி என் மகள் தாரணி. என்னுடைய கூச்சத்தை அப்படியே கொண்டு பிறந்தவள். விருந்தினர் வந்தால் தாயின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ அவள் கையில் ரக்பி லீக் பந்தைக் கொடுத்தார்கள். அந்த விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முட்டை வடிவப் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், எதிரே வருகிறவர்கள் விழுத்துவார்கள், எழும்பித் திரும்ப ஓட வேண்டும். (நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். எங்களுக்குப் பந்து தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.) எங்கள் பக்கத்துக் கழகத்தின் பெண்கள் அணியில் சேர்ந்தாள். என் மகள் வாய் திறந்து கத்தியதை நான் முதன்முதலாகக் கேட்டது அந்த மைதானத்தில்தான். "என்னட்டத் தா" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்குப் பதினேழு வயதான வருடம், பயிற்சியாளர் லீசா பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார்: அணியை மூடப் போகிறார்கள். பார்க்க யாரும் வருவதில்லை. வருகிறவர்களும் நாயை உலாத்த வந்த கிழவர்கள். இன்றைக்குப் பார்க்க வருகிற பிள்ளைகள்தானே நாளைக்கு விளையாடப் போகிறவர்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தை நிர்வாகத்தினர் நேரில் வந்து பார்ப்பார்கள். அன்றைக்கும் வேலியோரம் வெறுமையாகக் கிடந்தால் அடுத்த வருடம் அணி இல்லை. ஆளுக்குக் கொஞ்சப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்.

அடுத்த பெண்கள் அணி ஒரு மணி நேரக் கார் ஓட்டத்துக்கு அப்பால். என் மனைவி வசந்திக்கு வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் மாறி மாறி வேலை. எனக்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பயம். அணி போனால் தாரணி திரும்பவும் தாயின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு லொட்ஸ் ஒஃப் பீப்பிளைத் தெரியும்தானே?"

ஓம் என்றேன். உண்மைதான், எனக்குப் பலரைத் தெரியும். அவர்கள் இறக்கும்போது மட்டும்.

மற்றப் பெற்றோர் தேவாலயத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் ஆள் சேர்த்தார்கள். நான் ஒருவருக்கு போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் "ஹலோ" என்றதும், மழை வரும் போல இருக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன்.

சட்டத்தில் "மரண அறிவித்தல்" என்று இருந்ததில் முதல் சொல்லை மட்டும் அழித்தேன். இடது பக்கக் குத்துவிளக்கை எடுத்துவிட்டேன். வலது பக்கத்து விளக்கு எப்படித் தட்டியும் போகவில்லை, கிடக்கட்டும் என்று விட்டேன். கழகத்தின் நிறம் கறுப்பும் வெள்ளையும். சட்டமும் கறுப்பு வெள்ளை. நிறம் மாற்ற வேண்டியதில்லை என்று சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது. தாரணி படமெடுக்க விடமாட்டாள் என்பதால், பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை நடுவில் வைத்தேன். சிரிப்பில்லாத படம். கீழே இப்படி எழுதினேன்:

"யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகவும் சிட்னியை வதிவிடமாகவும் கொண்ட செல்வி தாரணி அவர்களின் கடைசி ஆட்டம் இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு எமது பகுதிக் கழக மைதானத்தில் நடைபெறும். அன்னாரின் வயதையொத்த இளையோரையும் பிள்ளைகளையும் தவறாது அழைத்து வரவும். கறுப்பு வெள்ளை உடை விரும்பத்தக்கது. உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்."

'அன்னார்' மரியாதையான சொல் என்று நினைத்திருந்தேன். நான் எழுதிய எல்லோரும் அன்னார்தானே.

ஞாயிறு காலை தாரணியோடு மைதானத்துக்கு வெளிக்கிடும்போது அதை அனுப்பினேன். உடனே போனையும் நிறுத்திவிட்டேன். யாராவது எடுத்து விபரம் கேட்டால் பேச வேண்டி வருமே என்ற பயம். வசந்தி விடியவே வேலைக்குப் போயிருந்தாள். அவள் வேலை இடத்தில் போனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

மைதானத்தில் எனக்கு எப்போதும் ஒரே வேலைதான். சொசேஜ் சுடுகிற கொட்டகைக்குப் பின்னால் இருந்து வெங்காயம் வெட்டுவது. அங்கே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

ஒன்றரை மணிக்குக் கார்கள் வரத் தொடங்கின. மைதானத்து நிறுத்துமிடம் நிறைந்து, தெரு நிறைந்தது. எங்கள் சனம். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தாரணியோடு படித்த பிள்ளைகள், அவர்களின் தம்பி தங்கைகள், தாய் தகப்பன். எல்லோரும் கறுப்பு வெள்ளை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பொன்னுத்துரை அண்ணை வந்தார். கையில் பெரிய மலர்வளையம். கழகத்துக்கு மரியாதை செய்யக் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். (ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்காதீர்கள். வசந்தி கேட்டுக் களைத்துவிட்டாள்.)

வெங்காயம் வெட்டி வெட்டி என் கண்ணெல்லாம் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அண்ணை என்னை அப்படியே கட்டிப் பிடித்தார்.

"எப்பிடித் தம்பி இப்பிடி நடந்தது?"

"ஒருத்தரும் கவனிக்கேல்லை அண்ணை," என்றேன். நான் அணியைச் சொன்னேன். "முதலே எல்லாரும் வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்."

அண்ணை என் தோளில் முகத்தை வைத்து அழுதார். ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று எனக்கும் அழுகை வந்தது.

பிறகு தெரிந்தது: காலையில் பலர் எனக்கு எடுத்திருக்கிறார்கள், போன் நின்றிருக்கிறது. சிலர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், வீடு பூட்டியிருக்கிறது. விளையாடும்போதுதான் பிள்ளைக்கு ஏதோ நடந்திருக்கிறது, அதனால்தான் மைதானத்தில் அஞ்சலி வைக்கிறார்கள் என்று அண்ணையே எல்லோருக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறார்.

வேலியோரம் முழுவதும் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு சத்தமில்லாமல் நின்றார்கள். இளம் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விம்மினார்கள். நிர்வாகத்தினர் வாயைப் பிளந்தபடி பார்த்தார்கள். இவ்வளவு மரியாதையான ரசிகர்களைத் தான் கண்டதேயில்லை என்று லீசா என்னிடம் வந்து சொன்னார். எதிரணிப் பிள்ளைகள் எங்கள் பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உடலைச் சூடாக்கினார்கள்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் சனம் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பெட்டி எங்கே வைத்திருக்கிறது என்று தேடினார்கள். அந்த நேரம் தாரணிக்குப் பந்து கிடைத்தது. வேலியோரமாக ஓடி வந்தாள். எதிரணிப் பிள்ளைகள் இரண்டு பேர் பாய்ந்து அவளைச் சேற்றில் சாய்த்தார்கள், சரியாகப் பொன்னுத்துரை அண்ணையின் காலடியில். முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். பழகின முகத்தைக் கண்டாள்.

"ஹலோ அங்கிள்," என்றாள். திரும்ப ஓடினாள்.

அண்ணையின் கையிலிருந்து மலர்வளையம் விழுந்தது. யாரோ ஒரு அன்ரி ஐயோ என்று குழறினார். பிறகு தாரணியின் சிநேகிதிகள் அவள் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்கள். அழுதுகொண்டும் ஏசிக்கொண்டும் கத்தினார்கள். ஒரு வருடமாக அவளோடு பேசாமல் இருந்த ஒருத்தி வேலியில் ஏறி நின்று கத்தினாள். சின்னப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்த மைதானத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லையாம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இதற்குப் பிறகு நடந்ததை என்னால் இன்னும் சிரித்துச் சொல்ல முடிவதில்லை. வசந்தியின் வேலை இடத்துக்கு யாரோ போன் எடுத்து, "அக்கா, மனசைத் தளர விடாதேங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் எனக்கு எடுத்தாள், போன் நின்றிருந்தது. தாரணிக்கு எடுத்தாள், அவள் போன் பைக்குள் கிடந்தது. சமையலறை உடுப்போடு, தலைமுடி வலையைக்கூடக் கழற்றாமல், டாக்சியில் வந்து இறங்கினாள். சனம் வழி விட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தாரணியைக் கண்டதும் அப்படியே புல்லில் இருந்துவிட்டாள். நான் கிட்டப் போனேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இனி என்ர பிள்ளையின்ர படத்தை நீங்கள் தொடக் கூடாது," என்றாள்.

இன்று வரைக்கும் தொட்டதில்லை. தாரணியின் பட்டமளிப்பு விழாப் படங்களில் நான் எடுத்தது ஒன்றும் கிடையாது.

பொன்னுத்துரை அண்ணை அந்த இடத்திலேயே என் பொறுப்பைப் பறித்தார். "மானத்தை வாங்கிப்போட்டாய். செத்தவனுக்கு எழுதத்தான் உனக்குத் தெரியும், உயிரோட இருக்கிறவனுக்கு எழுதத் தெரியேல்லை" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். சொல்லிவிட்டும் போகவில்லை. மலர்வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் இருந்தார். எங்கள் பிள்ளைகள் படுதோல்வி.

அணியை மூடவில்லை. நிர்வாகத்தினர் அந்தக் கூட்டத்தை மறக்கவில்லை. காரில் வரும்போது தாரணி சப்பாத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா, யூ கில்ட் மீ" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பட், குட் க்ரவுட்" என்றாள்.

அடுத்த பருவத்து முதல் ஆட்டத்துக்கு அந்தக் கூட்டத்தில் அநேகமாக ஒருவரும் வரவில்லை. வேலியில் ஏறிக் கத்தியவள் வந்தாள். தங்கையையும் கூட்டி வந்தாள். சற்றுத் தள்ளி, மடிக்கும் கதிரையோடு பொன்னுத்துரை அண்ணை. "சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்று தாரணியிடம் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சும்மா இந்தப் பக்கம் வந்தார். பேரப்பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர்களின் சிநேகிதர்களும் வந்தார்கள். விதிகள் ஒன்றும் தெரியாமலே நடுவரை யாழ்ப்பாணத் தமிழில் ஏசினார். என்னோடு மட்டும் பேசவில்லை. வெங்காயக் கொட்டகைப் பக்கம் திரும்பாமலே சொசேஜ் வாங்குவார்.

போன வருடம் அண்ணை இறந்துபோனார். அறிவித்தலை நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். அவருடைய மகன் வந்து கேட்டபோது போனை எடுத்து அந்தப் பழைய சட்டத்தைத் தேடினேன். இந்த முறை "மரண அறிவித்தல்" என்பதைப் பெரிய எழுத்தில் போட்டேன். போனையும் நிறுத்தவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "தம்பி, இது உண்மையாவே செத்தவீடோ, இல்லாட்டி மட்சோ?" ஒவ்வொருவருக்கும் நான் வாயால் சொல்ல வேண்டி இருந்தது. செத்தவீடுதான். உண்மைதான். அண்ணை போயிட்டார். எத்தனையோ மரணத்தை எழுதிய எனக்கு, அன்றைக்குத்தான் அதைச் சொல்வது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

மண்டபம் நேரத்துக்கு நிறைந்தது. பின்வரிசையில் தாரணியின் அணி முழுவதும் கறுப்பு வெள்ளைச் சட்டையில் நின்றது. அவர்களுக்குப் பின்னால், அண்ணை ஏற்றி இறக்கிய பிள்ளைகள். தேவாரம் முடிந்து எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். தாரணி என் பக்கம் சாய்ந்தாள்.

"ஃபுல் ஹவுஸ், அப்பா," என்றாள் காதுக்குள்.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, மண்டபம் முழுவதும் கேட்கும்படி. வசந்தி கிள்ளிய அடையாளம் போக ஒரு கிழமை எடுத்தது.

இப்போது வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால், தாரணி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்: "இது என்ர அப்பா. மட்சில அழுவார், செத்தவீட்டில சிரிப்பார்."